விண்டோஸிலிருந்து மின்ட்டுக்கு வந்தாச்சு, சாஃப்ட்வேரை எங்கே தேடுவது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறவில்லை என்று, அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்கு மாறியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. மின்ட் 22-இன் ‘சின்னமன்’ என்ற திரைத் தோற்றம் கொண்ட பதிப்பை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, விஎல்சி பிளேயர் செட்டப்பை நெட்டிலிருந்து இறக்கி டபுள் கிளிக் செய்தேன். எதுவுமே நடக்கவில்லையே?

நீங்கள் இறக்கியது எக்ஸி ஃபைல், தம்பி. அது விண்டோஸுக்கானது, அழித்துவிடுங்கள். கூகுளில் தேடி, எந்த டவுன்லோட் பொத்தான் உண்மையானது என்று குழம்பி, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ கொடுத்த பழக்கத்தைக் கொஞ்சம் மறக்க வேண்டும். மெனுவில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து விஎல்சி என்று தேடுங்கள். இன்ஸ்டாலை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தால் வேலை முடிந்தது. ஃபோனில் பிளே ஸ்டோர் மாதிரிதான். அப்டேட்டும் அந்தந்த மென்பொருள் தனித்தனியாக நச்சரிக்காது. கீழே கேடயம் போல ஒரு சின்னம் இருக்கிறதே, எல்லாம் அதன் வழியாகவே வரும். போட்ட மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் மெனுவில் அதன் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து நீக்கிவிடலாம்.

குரோம் அங்கே கிடைக்கவில்லை, சார்.

கூகுளின் சொந்தத் தளத்துக்குப் போய் ‘டெப்’ ஃபைலை இறக்கி டபுள் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் செட்டப்புக்கு இங்கே அண்ணன் தம்பி அதுதான். குரோமின் டெப், அப்டேட் வரும் இடத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும். எல்லா நிறுவனங்களின் டெப்பும் அப்படிச் செய்வதில்லை. அவற்றை அவ்வப்போது நாமே புதிதாக இறக்கிப் போட வேண்டும்.

படம் திருத்தும் ஜிம்ப்பைத் தேடினால் ‘சிஸ்டம் பேக்கேஜ்’, ‘பிளாட்பேக்’ என்று இரண்டு காட்டுகிறது. எதைப் போடுவது?

நல்ல கேள்வி. மின்ட் 22, உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. சிஸ்டம் பேக்கேஜ்கள் பெரும்பாலும் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வருகின்றன. அந்த உபுண்டு வெளியான நாளில் என்ன பதிப்பு இருந்ததோ, பெரும்பாலும் அதிலேயே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் சிஸ்டம் பேக்கேஜில் கிடைப்பது ஜிம்ப் 2.10. 2025 மார்ச்சில் வந்த 3.0 வரிசை வேண்டுமானால் பிளாட்பேக்கை எடுங்கள்.

ஆனால் பிளாட்பேக் தனக்கு வேண்டிய அரிசி பருப்பையெல்லாம் தானே கட்டிக்கொண்டு வரும் விருந்தாளி. முதல் முறை சில நூறு எம்பி கூடுதலாக இறங்கும். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் கவனம். என் வழக்கம்: சாதாரண வேலைக்கு சிஸ்டம் பேக்கேஜ், புதிய வசதி உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் பிளாட்பேக். தேடியது வரவே இல்லையா? சரிபார்க்கப்படாத பிளாட்பேக்குகளை மின்ட் 22 மறைத்து வைத்திருக்கும். அமைப்புகளில் அதைத் திறந்துவிடலாம், ஆனால் யார் பொதி கட்டியது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

விண்டோஸில் தமிழ் அடிக்க வைத்திருந்த என்ஹெச்எம் ரைட்டர் இல்லாமல் கை உடைந்த மாதிரி இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்க என்ன வழி?

கீபோர்டு அமைப்பிலேயே தமிழ்99 இருக்கிறது, எதுவும் நிறுவ வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். இருப்பது உண்மைதான். ஆனால் முன்னால் அடித்த எழுத்து என்ன என்று அந்த அமைப்புக்குத் தெரியாது. ‘பக்கம்’ என்று அடிக்க இரண்டு முறை ‘க’வைத் தட்டினால் ‘பகக’ என்றே நிற்கும். புள்ளியை நாமே வைக்க வேண்டும். தமிழ்99-இன் சுகமே தானாக விழும் புள்ளிதானே! சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) என்ற தட்டச்சுக் கருவியைத் தேடி நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். அப்புறம் ஐபஸ் அமைப்பில் தமிழ் – தமிழ்99 சேர்த்தால் போதும். லாக் அவுட் செய்யாமல் ‘வரவில்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர் ஃபைல்கள் பத்து வருடத்துக்கு இருக்கின்றன.

லிப்ரெஆபிஸ் டிரா அவற்றைத் திறக்கும். எந்த எழுத்துருவில் அடித்தீர்களோ அதன் டிடிஎஃப் ஃபைலை டபுள் கிளிக் செய்து முதலில் நிறுவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தமிழ் இருக்கும் இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். பக்க அமைப்பு அங்கங்கே நகரும். பழையதைப் பார்க்க, எடுக்கத்தான் உதவும். புதிய வேலையை யூனிகோடில், ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தொடங்கலாம். கல்யாண சீசனில் மட்டும் மாறாதீர்கள்!

டேலி?

லினக்ஸுக்கு டேலி இல்லை. ஒயின் என்ற கருவி விண்டோஸ் மென்பொருள்கள் பலவற்றை இங்கே ஓட்டும். 1993-இல் தொடங்கிய திட்டம் அது. இருந்தாலும் கணக்கு வழக்கை அதன் தலையில் கட்டச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விடுங்கள்.

ஏதோ ஒரு பக்கத்தில் சொன்னபடி டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) பிபிஏ ஒன்றைச் சேர்த்தேன், அக்கா. இப்போது அப்டேட் செய்யும்போதெல்லாம் பிழை வருகிறது.

அண்ணன்தான், பரவாயில்லை. பிபிஏ என்பது வெளியாட்கள் நடத்தும் மென்பொருள் களஞ்சியம். நீங்கள் சேர்த்தது பழைய உபுண்டுவுக்கானதாக இருக்கலாம். சாஃப்ட்வேர் சோர்ஸஸ் திறந்து, பிபிஏ பகுதியில் அதை நீக்குங்கள். நானும் ஒருமுறை இப்படி எதையோ ஒட்டி, மறுநாள் கறுப்புத் திரையைத்தான் பார்த்தேன். சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் முந்தைய நாள் ஸ்னாப்ஷாட் இருந்ததால் கால் மணி நேரத்தில் மீண்டேன். நீங்களும் அதை இன்றே இயக்கி வையுங்கள். நீக்கிய பிறகும் பிழை வந்தால், அந்த வரியை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள். ‘என்னமோ வருகிறது’ என்றால் என்னாலும் எதுவும் சொல்ல முடியாது.