வாசகர் கேள்வி பதில்: பெயரை மறைத்தாலும் ஆள் தெரியவேணும்

கேள்வி: மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். என் குழுவினருக்கு ஆண்டு மதிப்பீடு எழுதச் சொன்னார்கள். 'கடமையுணர்வு மிக்கவர், நேரம் தவறாதவர்' என்று எழுதிக் கொடுத்தேன். முன்பு படையில் இருந்த எங்கள் மேலாளர், 'இது மதிப்பீடே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார். எப்படி எழுதுவது?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: மேலாளர் சொன்னது சரி. நீங்கள் எழுதியதில் பெயரைக் கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். யாரைப் பற்றியது என்று உங்கள் குழுவிலுள்ளவர்களுக்கே தெரியாவிட்டால் அந்த வரியால் பயனில்லை. என்ன செய்தார், எந்த நிலைமையில் செய்தார், அதனால் என்ன கிடைத்தது என்ற மூன்றும் வரவேணும். 'பாதுகாப்பில் கவனமானவர்' என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'ஓகஸ்டில் மண் இறுகியிருந்தபோது றேக்கை (மண் வாரியை) அழுத்திக் கிண்டாமல், தண்ணீர் விட்டு இளக்கிய பிறகே வேலை செய்தார். அவர் முடித்த லேன்களில் (வெடி தேடும் ஒடுங்கிய பாதைகளில்) தரப் பரிசோதனையின்போது விடுபட்ட உலோகத் துண்டு எதுவும் அகப்படவில்லை.' இதை வாசிக்கிற மேலாளர் அந்த மனிதரை லேனில் வைத்துப் பார்த்துவிடுவார்.

எண்கள் போடுங்கள், ஆனால் சதுர மீற்றரை மட்டும் போடாதீர்கள். வெறும் மணல் நிலத்தில் ஒருவர் ஒரு நாளில் முடிக்கிற அளவை, பற்றையும் இரும்புத் துண்டும் நிறைந்த இடத்தில் இன்னொருவரால் ஒரு கிழமையிலும் முடிக்க முடியாமல் போகலாம். ஒரே மண்ணில், ஒரே மாதத்தில் வேலை செய்தவர்களைத்தான் ஒப்பிடலாம். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வேகத்துக்கே புள்ளி என்று குழுவுக்குத் தெரிந்தால் அடுத்த ஆண்டு எல்லோரும் அவசரப்படுவார்கள். இந்த வேலையில் அவசரத்துக்கு விலையாகப் போவது காலோ கண்ணோதான். ஆகவே அளவோடு தரப் பரிசோதனை முடிவையும், திரும்பச் செய்யவேண்டி வந்த லேன்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

மதிப்பீட்டை மார்கழியில் எழுதுவதால் வரும் பிழை ஒன்றும் உண்டு. வன்னியில் ஐப்பசியிலிருந்து மழை. லேனில் தண்ணீர் நிற்கும், வேலை மந்தமாகும். அந்தக் கடைசி மாதங்களே நினைவில் இருப்பதால், சித்திரை வெயிலில் முறிந்து வேலை செய்தவரும் 'சுமார்' ஆகிவிடுவார். கிழமைக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு வரி கொப்பியில் எழுதிவைத்தால் இது நேராது.

குறையையும் எழுதத்தான் வேணும். ஆனால் அந்தக் குறையை அவர் முதன்முதலில் படிவத்தில்தான் பார்க்கிறார் என்றால் பிழை உங்களுடையது. எப்போது சொன்னீர்கள், அதன் பிறகு மாறினாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 'முகக்கவசத்தை லேனுக்குள் உயர்த்தியதற்காக மே மாதம் இருமுறை எச்சரிக்கப்பட்டார், அதன் பின் அப்படி நடக்கவில்லை.'

எல்லோருக்கும் 'மிக நன்று' கொடுத்தால் நன்றாக வேலை செய்தவருக்கு அநியாயம் செய்கிறீர்கள். அமெரிக்க இராணுவத்தில் 2016 இல் வந்த படிவப்படி, ஸ்ராஃப் சார்ஜன்ற் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள சார்ஜன்ற்மாரை மதிப்பிடும் மூத்தவர் உச்சத் தரத்தை 24 வீதத்தினருக்கு மேல் கொடுக்க முடியாது என்று விதி வந்தது. எல்லோரும் முதலாவதாக வந்தால் பதவி உயர்வுச் சபைக்கு ஆளைத் தெரியாது என்பதே காரணம். மதிப்பிடப்பட்டவரின் கையெழுத்து அங்கே மதிப்பீட்டுக்குச் சம்மதம் என்பதைக் குறிக்காது, படிவத்தைப் பார்த்தேன், என் விபரங்களைச் சரிபார்த்தேன் என்பதையே குறிக்கும். உங்கள் குழுவினரிடமும் இதைச் சொல்லியே கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் காணியில் படை முகாம் இருக்கிறது. பல கடிதம் எழுதியும் பதில் இல்லை. கடிதத்தில் ஏதும் பிழையா?
(வாசகி, முள்ளியவளை)

பதில்: பதில் வராதது உங்கள் பிழை அல்ல, அம்மா. ஆனாலும் தட்டிக்கழிக்க இடம் வைக்காமல் எழுதலாம். கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கு எழுதி, மாவட்டச் செயலாளர், படைத் தலைமையகம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம் ஆகியவற்றுக்குப் பிரதி போடுங்கள். தலைப்பிலேயே கிராம அலுவலர் பிரிவு, காணித் துண்டு இலக்கம், ஏக்கர் றூட் பேர்ச் கணக்கில் பரப்பு, அனுமதிப்பத்திர இலக்கம் எல்லாம் வரவேணும். அனுமதிப்பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுவேறு எழுத்தில் இருந்தால் இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை இணையுங்கள். அலுவலகக் கோவை (ஃபைல்) பெரும்பாலும் இங்கேதான் முடங்கும்.

பட்ட துன்பம் முழுவதையும் முதல் பக்கத்தில் எழுதினால் கேட்பது என்ன என்பது அதற்குள் மறைந்துபோகும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை போதும்: 'கூட்டாகக் காணியைப் பார்வையிட ஒரு திகதி தரவும்.' மற்றதைத் தனித் தாளில் இணையுங்கள். மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், பிரதி மட்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நினைவூட்டலில் முந்தைய கடிதத்தின் திகதியையும் அவர்கள் தங்கள் கடிதத்தில் 'என் இல.' என்று போடும் கோவை இலக்கம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. படைத் தலைமையகப் பிரதியோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் வைத்தால் தாமதம் குறையும். அதற்கும் அசைவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 'என் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேணும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (மேன்முறையீட்டைக் கேட்க அந்த அலுவலகத்திலேயே நியமிக்கப்பட்டவரிடம்) மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வி: மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம் அங்கே கிறுக்கலாகத் தெரிகிறதாம். ஏன்?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளே தெரியும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரியை வெறுமையாக விடாமல் விடயத்தையும் திகதியையும் போடுங்கள்.