உரிமம் முடிந்த ஆன்டிவைரஸைப் புதுப்பிக்க வேண்டுமா?
வணக்கம். உங்கள் விண்டோஸ் 11 மடிக்கணினியில் கட்டண ஆன்டிவைரஸின் உரிமம் முடிந்துவிட்டதால், புதுப்பிப்பதா, இலவசமானதே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வங்கிக் கணக்கு பார்ப்பதற்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படும் வீட்டுக் கணினிக்கு, விண்டோஸுடனேயே வரும் இலவச ஆன்டிவைரஸான டிஃபெண்டர் போதும் என்பதே என் கருத்து. ஆனால் காலாவதியான மென்பொருளை முழுமையாக நீக்கிவிட்டு, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, டிஃபெண்டர் இயங்குகிறதா என்று அவசியம் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்க அதிலேயே ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற வசதி உண்டு என்றாலும், வழக்கமாக அது அணைந்தே இருக்கும் என்பதால் நீங்கள்தான் இயக்க வேண்டும். கட்டணப் பதிப்புகள் கூடுதலாகத் தருபவை பெரும்பாலும் விபிஎன் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கி அனுப்பும் சேவை), கடவுச்சொல் பெட்டகம் போன்றவையே. அவை தேவைப்பட்டால் மட்டும் வாங்குங்கள். குடும்பப் படங்களை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்ததும், ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடாமல் இருக்க, கேபிளைக் கழற்றி வைக்க மறந்துவிடாதீர்கள்.