கச்சான் அடித்தால் சென்னை எஃப்எம் கேட்பது ஏன்?

கேள்வி: நான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் கடற்றொழில் செய்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், இரவு புறாமலைத் தீவுக்கு வெளியே வலையைப் போட்டுவிட்டு இருக்கும்போது, போனில் சென்னை எஃப்எம் கணீரென்று கேட்கிறது. உப்புத்தண்ணீர்தான் அலையை இழுத்து வருகிறது என்கிறார் எங்கள் சம்மாட்டி (படகு முதலாளி). மாரியில் ஒன்றும் கேட்பதில்லை, அப்போதும் கடல் உப்புத்தானே?

பதில்: நல்ல கேள்வி, பாதி விடையும் அதிலேயே இருக்கிறது. சம்மாட்டி சொல்வது பழைய மத்திய அலை வானொலிக்குச் சரி. கடல்நீர் காய்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும், அதனால் தரையை ஒட்டி ஓடும் மத்திய அலை மணலிலும் காட்டிலும் களைத்துப்போகிற அளவுக்குக் கடலில் களைக்காது. எஃப்எம் அப்படியில்லை. அது ஓடுவது 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அங்கே காரியத்தை முடிவு செய்வது தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று.

கச்சான் தரை முழுக்கக் கடந்து, காய்ந்து சூடேறி வருகிற காற்று. அது கடலுக்கு மேல் பரவும்போது அடியில் குளிர்ந்த ஈரக்காற்று, மேலே சூடான வறண்ட காற்று என்று இரண்டு அடுக்காகிவிடும். தமிழ்நாட்டுக் கரையிலும் அந்த மாதங்களில் மேற்கே தரையிலிருந்து வருகிற காற்றுத்தான். இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் ரேடியோ அலை கீழே வளைகிறது, வானத்துக்குத் தப்பிப் போகாமல், மூடி போட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல பூமியின் வளைவோடு சேர்ந்தே ஓடி வருகிறது. சென்னை உங்களிடமிருந்து சுமார் 500 கிலோமீட்டர், நேர்கோடு போட்டால் ஏறக்குறைய முழுவதும் கடல், மறிக்க ஒரு மலைகூட இல்லை.

ஒளியும் இப்படி வளையும், தூரத்து விளக்குகள் சில இரவுகளில் தூக்கலாகத் தெரிவது அதனால்தான். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை ஒளி அவ்வளவாகப் பொருட்படுத்தாது, ரேடியோ நிறையவே பொருட்படுத்தும். சாதாரண நாளில்கூட 100 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணுக்குத் தொடுவானம் 36 கிலோமீட்டர், ரேடியோவுக்கு 41.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். சென்னைப் பாட்டு கேட்கிறதே என்று படகுக்குப் படகு பேசுகிற விஎச்எஃப் ரேடியோ செட்டும் அந்தத் தூரம் எட்டும் என நம்பி வெளியே போகாதீர்கள், காற்று மாறினால் அந்த வாய்க்கால் சற்று நேரத்தில் கலைந்துவிடும். இரண்டு படகிலும் அன்டெனா தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் 8 கிலோமீட்டர்தான் கணக்கு. கம்பு கட்டி 4 மீட்டருக்கு ஏற்றினால் 16.

அப்புறம், கோணேசர் மலையடியில் நின்று மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் செட்டைக் குறை சொல்ல வேண்டாம். பாறை மறைக்கிறது, கொஞ்சம் வெளியே ஓடிக் கூப்பிடுங்கள்.