போர்க்கப்பல்கள் 'நல்லெண்ணப் பயணம்' போவதால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

"நாலு நாள் துறைமுகத்தில் நிற்கிறார்கள், பேண்டு வாசிக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இதில் என்ன ராஜதந்திரம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடற்படை வரலாறு படிப்பதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

நடக்கும். ஆனால் நல்லெண்ணம் அதில் மேல்பூச்சு. அடியில் இருப்பது வேறு.

எனக்குப் பிடித்த உதாரணம் 1946 இஸ்தான்புல். அமெரிக்காவில் துருக்கித் தூதராக இருந்த முனீர் எர்தெகுன் 1944 நவம்பரில் வாஷிங்டனில் காலமானார். உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் உடலை ஆர்லிங்டன் கல்லறையில் வைத்திருந்தார்கள். (அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தைத் தொடங்கிய அகமது எர்தெகுன் இவருடைய மகன்தான்.) போர் முடிந்தபின், 1946 மார்ச்சில் உடலை ஊருக்கு அனுப்ப ஏற்பாடானது. ஒரு சவப்பெட்டியைக் கொண்டுபோக ஏதாவது ஒரு கப்பல் போதும். அமெரிக்கா அனுப்பியது யுஎஸ்எஸ் மிசௌரியை. ஆறு மாதத்துக்கு முன், 1945 செப்டம்பர் 2 அன்று, டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான். 16 அங்குல பீரங்கிகள் ஒன்பது. துணைக்கு ஒரு குரூசர், ஒரு டிஸ்ட்ராயர் வேறு.

காரணம் கருங்கடல் பக்கம் இருந்தது. 1945 மார்ச்சில் சோவியத் யூனியன் துருக்கியுடனான நட்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. ஜூனில் துருக்கியின் கிழக்கு எல்லையில் உள்ள கார்ஸ், அர்தஹான் பகுதிகளைக் கேட்டது, கருங்கடலின் வாசலான நீரிணைகளில் ராணுவத் தளமும் வேண்டும் என்றது. துருக்கி பயந்துபோயிருந்தது. அந்த நேரத்தில் "ஸ்டாலினை மிரட்டப் போகிறோம்" என்று சொல்லி ஒரு போர்க்கப்பலை அனுப்பினால் அது பெரிய வம்பு. ஆனால் இழவு வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து ஏன் வந்தாய் என்று யார் கேட்பது?

ஏப்ரல் 5 அன்று மிசௌரி இஸ்தான்புல் வந்து, தொல்மபாச்சே அரண்மனைக்கு எதிரே நீரில் நின்றது. தூதரின் உடலை இறக்கும்போது 19 குண்டுகள் முழங்கி மரியாதை செய்தார்கள். நகரமோ கல்யாணக் கோலத்தில் இருந்தது. கப்பல் படம் போட்டுத் தபால்தலை வந்தது, அதன் பெயரிலேயே சிகரெட் வந்தது. செய்த இறுதி மரியாதை கொஞ்சம், கொண்டாட்டம் அதிகம்.

ஸ்டாலின் இதைப் பார்த்து உடனே பின்வாங்கினாரா? இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நீரிணை விவகாரத்தை மறுபடியும் எழுப்பினார். கப்பல் எதையும் தீர்க்கவில்லை. ஆனால் அமெரிக்கா எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாஸ்கோவுக்கும் அங்காராவுக்கும் ஒரே நாளில் தெரிந்துபோனது, அதுவும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்காமல். நிலைமை மாறினால் "சவப்பெட்டி கொண்டுவந்தோம், அவ்வளவுதான்" என்று கைகழுவிவிடலாம். நிலைமை மாறவில்லை. 1947 மார்ச்சில் ட்ரூமன் கிரீஸுக்கும் துருக்கிக்குமாக 40 கோடி டாலர் கேட்டு அமெரிக்கப் பாராளுமன்றத்தின் முன் நின்றார். 1952-ல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது.

இதே தொல்மபாச்சேயில் 1968 ஜூலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது வந்தது அமெரிக்காவின் ஆறாவது கடற்படைப் பிரிவு. நடுவில் 1964-ல் சைப்ரஸ் விஷயத்தில் அதிபர் ஜான்சன் எழுதிய கடுமையான கடிதத்தைத் துருக்கியர்கள் மறந்திருக்கவில்லை. கப்பல்களை எதிர்த்துப் போராடிய மாணவர்களின் விடுதிக்குள் போலீஸ் புகுந்து அடித்தது. ஆத்திரத்தோடு கரைக்கு வந்த மாணவர்கள் அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துக் கடலில் தள்ளினார்கள். அதே கொடி, அதே கரை. கப்பலாகப் போய் உறவை உண்டாக்கிவிடாது. ஏற்கெனவே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், அது நட்பானாலும் சரி, எரிச்சலானாலும் சரி.

அப்புறம், நீங்கள் கிண்டலடித்த அந்த பேண்டு வாத்தியத்துக்கும் ஒரு வேலை உண்டு. சென்னைத் துறைமுகத்தில் கடற்படை வாரத்தில் மக்களை உள்ளே விடுவார்கள், நானும் வரிசையில் நின்று ஏறியிருக்கிறேன். செங்குத்தான இரும்பு ஏணியில் "தலை, தலை" என்று ஒரு மாலுமி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், பையன்களைப் பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க விட்டார். இது எவ்வளவு தூரம் சுடும் என்று ஒரு பெரியவர் கேட்டதற்குச் சிரிப்புதான் பதில். வெளிநாட்டுத் துறைமுகத்திலும் ஏறக்குறைய இதேதான் நடக்கும். காட்டவும் வேண்டும், சொல்லவும் கூடாது.

ஆனால் உண்மையான பேரம் கப்பல் வருவதற்கு முன்பே, அனுமதி கேட்கும் இடத்தில் முடிந்துவிடும். 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 ஹம்பாந்தோட்டைக்கு வந்த கதை நினைவிருக்கும். அது செயற்கைக்கோள், ஏவுகணைகளைக் கண்காணிக்கும் கப்பல். இந்தியா கவலை தெரிவித்தது, இலங்கை வருகையைத் தள்ளிப்போடச் சொன்னது, கடைசியில் 11-ஆம் தேதி வரவேண்டியது 16-ஆம் தேதி வந்தது. இலங்கைக் கடலில் ஆய்வு எதுவும் செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. கடனில் மூழ்கியிருந்த ஒரு நாடு இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் எவ்வளவு நெளிய முடியும் என்பதை அந்த ஐந்து நாள் காட்டிவிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று இலங்கை அறிவித்தது. புத்திசாலித்தனமான வேலை என்றுதான் சொல்வேன், ஒருவரை மட்டும் வராதே என்றால்தானே சண்டை.

மறுப்பதற்கு விலை உண்டு. நியூசிலாந்து 1985-ல் யுஎஸ்எஸ் புகானன் வரக்கூடாது என்றது. அணு ஆயுதக் கப்பல்களை உள்ளே விடுவதில்லை என்பது நியூசிலாந்தின் கொள்கை; கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று அமெரிக்கா சொல்ல மறுத்ததுதான் பிரச்சினை. அடுத்த ஆண்டே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் செய்துகொண்ட அன்சஸ் பாதுகாப்பு ஒப்பந்தப்படி நியூசிலாந்தைப் பாதுகாக்கும் பொறுப்பை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு 2016 நவம்பர் வரை ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல்கூட அங்கே போகவில்லை. நியூசிலாந்துக் கடற்படையின் 75-ஆம் ஆண்டு விழாவுக்கு யுஎஸ்எஸ் சாம்ப்சன் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, 14-ஆம் தேதி கைகோரா நிலநடுக்கம். சாலையெல்லாம் துண்டிக்கப்பட்ட அந்த ஊருக்கு உதவ, அணிவகுப்புக்காக வந்த சாம்ப்சன் தன் ஹெலிகாப்டர்களோடு போனது. 31 வருட மனக்கசப்புக்குப் பிறகு இப்படி ஒரு வாய்ப்பை எந்த வெளியுறவுத் துறையும் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாது. ஆனால் கப்பல் அன்று அந்தப் பக்கம் இருந்ததற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன் யாரோ ஒரு அழைப்பை அனுப்பி, யாரோ ஒருவர் அதை ஏற்றுக்கொண்டதுதான்.