பிள்ளை பெற்றவளை யார் கேட்பது? சிஸ்டரிடம் கேளுங்கள்

(நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் விட்டுப் போன தாய்மாரின் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள்.)

சிஸ்டர், மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், குழந்தைக்கு நாற்பது நாள். ஆஸ்பத்திரியில் பத்துக் கேள்வித் தாள் கொடுத்தார்களாம். நிஜத்தை எழுதினால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, எல்லாம் நல்லபடியாகவே டிக் அடித்திருக்கிறாள். – காவேரிப்பட்டணம்

அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாள் அம்மா, 1987இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கடைசி ஏழு நாள் மனசு எப்படி இருந்தது என்று கேட்கும், மொத்தம் 30 மதிப்பெண், கூடக் கூடச் சோர்வு அதிகம் என்று அர்த்தம், 10, 13 என்று ஏறினால் கூப்பிட்டுப் பேசுவார்கள், அவ்வளவுதான். நியூஜெர்சியில் 2006 முதல் எல்லாத் தாய்மாரிடமும் கேட்கச் சட்டமே இருக்கிறது, உங்கள் மகளைச் சந்தேகப்பட்டுக் கொடுத்ததில்லை. சோர்வாக இருக்கிறது என்று எழுதியதற்காக மட்டும் யாரும் பிள்ளையைத் தூக்கிப் போக மாட்டார்கள். அந்தத் தாளுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது, அதில் மட்டும் பொய் வேண்டாம்.

ஓசூரில் எங்கள் லைன் வீட்டில் ஒடிசாப் பெண், இருபது நாள் குழந்தை. பேசுவதே இல்லை, சோறு அப்படியே இருக்கிறது. தமிழ் தெரியாது. என்ன செய்ய?

முதலில் உங்கள் பகுதி செவிலியரிடம் சொல்லுங்கள். வெளிமாநிலம் என்று தள்ளினால் விடாதீர்கள். அப்புறம், கணவனை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன், அவள் நிறையப் பேசினாள், அவர் திரும்பிச் சொன்னது "ஒன்னுமில்ல சிஸ்டர்". இன்றும் அந்த முகம் மறக்கவில்லை. 14416க்குப் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், ஒடியாவிலும் பேசுவார்கள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, கணவனையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வந்தோம் அக்கா. மனைவிக்குப் பிரசவமாகி ஒன்பது நாள். மூன்று நாளாகத் தூக்கமில்லை, யாரோ பேசுகிறார்கள் என்கிறாள். அம்மா காத்து கருப்பு என்று ஊருக்குக் கூட்டிவரச் சொல்கிறார்.

தம்பி, முதல் இரண்டு வாரம் வெறும் அழுகை என்றால் பொறுத்துப் பார்க்கலாம். இது அதுவல்ல, இன்றே ஆஸ்பத்திரி. நீங்கள் இருக்கும் ஊரிலேயே நிம்ஹான்ஸ் என்கிற அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு உண்டு. 2017 மனநலச் சட்டப்படியும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. மந்திரிப்பதை அம்மா பிறகு பார்த்துக்கொள்ளட்டும். போகும்வரை குழந்தையோடு அவளைத் தனியே விடாதே.