அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள செக்கோயா ராட்சத மரக்காட்டைப் பார்க்க ஒரு நாள் போதுமா? எப்படித் திட்டமிடுவது?

போதும். ஆனால் கோடையில் போவதாக இருந்தால் காலை எட்டரை மணிக்குள் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் கார் பார்க்கிங்கில் இருங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கும் மியூர் வுட்ஸைப் பார்த்துவிட்டு 'செக்கோயா பார்த்தாச்சு' என்று சொல்பவர்கள் நிறைய. அங்கே இருப்பது கடலோர ரெட்வுட். ராட்சத செக்கோயாவுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்தான். உயரத்தில் உலகிலேயே அதுதான் முதல், ஆனால் ஒல்லி. ராட்சத செக்கோயா பருமனுக்குப் பேர்போனது. இயற்கையாக அது வளர்வது சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில் மட்டுமே. ஷெர்மன் மரத்தின் உயரம் 275 அடி, தரையோடு சுற்றளவு 102 அடி. தண்டின் கன அளவை வைத்துத்தான் அதை உலகின் மிகப் பெரிய மரம் என்கிறோம்.

செக்கோயா தேசியப் பூங்காவுக்கு இரண்டு வழிகள். த்ரீ ரிவர்ஸ் ஊர் வழியாக வரும் 198ஆம் சாலை சுமார் 1,700 அடி உயரத்தில் பூங்கா வாசலைத் தொடும். அங்கிருந்து 6,400 அடியில் உள்ள ஜயன்ட் ஃபாரஸ்ட் அருங்காட்சியகம் வரை ஒரு மணி நேரம், அத்தனையும் கொண்டை ஊசி வளைவுகள். 22 அடிக்கு மேல் நீளமான வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். ஃப்ரெஸ்னோவிலிருந்து வரும் 180ஆம் சாலை கொஞ்சம் சாது. வளைவில் வாந்தி வரும் பிள்ளைகள் இருந்தால் போக வர இதுவே போதும். மற்றவர்கள் 198இல் ஏறி 180இல் இறங்கினால் எதையும் இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. கீழேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து ஓட்டுங்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குபவர்களின் வண்டியிலிருந்து கருகல் வாடை அடிக்கும். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும்.

ஷெர்மன் மரத்துக்குப் பார்க்கிங்கிலிருந்து அரை மைல்தான். போகும்போது இறக்கம் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. திரும்பும்போதுதான் படிகளோடு சுமார் 200 அடி ஏற்றம். 7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், அதனால் நல்ல உடம்புக்காரர்களுக்கே மூச்சு வாங்கும். முட்டிவலிக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு: கோடையில் ஓடும் இலவசப் பேருந்து கீழே, நெடுஞ்சாலையோர நிறுத்தத்திலும் நிற்கும். மரத்தைப் பார்த்துவிட்டு அங்கே போய் ஏறிக்கொண்டால் படியே ஏற வேண்டாம்.

பெரும்பாலானோர் பலகைக்கு முன் வரிசையில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கேயே தொடங்கும் காங்கிரஸ் டிரெயிலை விட்டுவிடாதீர்கள். சுமார் மூன்று மைல் சுற்று, பெரும்பகுதி தார் போட்ட பாதை. பத்து நிமிடம் நடந்தாலே கூட்டம் கரைந்துவிடும். பிரசிடென்ட் மரமும், செனட், ஹவுஸ் என்ற மரக்கூட்டங்களும் இந்த வழியில்தான். என்னைக் கேட்டால் ஷெர்மனைவிட இந்தக் கூட்டங்கள்தான் மனதில் நிற்கும்.

இங்கே மேலே பார்ப்பதைவிடக் கிட்டப் போய்ப் பார்க்க நிறைய இருக்கிறது. பட்டை செம்பழுப்பு, தேங்காய் மட்டையின் நார் போல இழை இழையாக இருக்கும், சில மரங்களில் இரண்டடி கனம்வரை. அதில் பிசின் அதிகம் இல்லாததால் தீ எளிதில் பற்றாது. காயைத் தேடும்போது எல்லோரும் ஏமாறுவார்கள்: பாதையில் கிடக்கும் முழ நீளக் காய், சுகர் பைன் மரத்துடையது. செக்கோயாவின் காய் கோழிமுட்டை அளவுதான், விதை ஓர் அவல் அளவு. இருபது ஆண்டுகள்கூட அந்தக் காய் பச்சையாக, மூடியபடியே மரத்தில் தொங்கும். காட்டுத்தீயின் சூடு மேலே போனால் காய்ந்து திறக்கும். கீழே சருகு எரிந்து வெறும் மண்ணாக இருக்க, விதை அதில் விழுந்து முளைக்கும். ஆக, அடிமரத்தில் கறுத்த வடு தெரிந்தால் மரம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பல நூற்றாண்டுத் தீக்களைத் தாண்டி வந்த தழும்பு அது. ஆனால் தீயை அணைத்தே பழகியதில் இடையில் மற்ற மரங்கள் அடர்ந்துவிட்டன, வறட்சியும் சேர்ந்து இப்போது வரும் தீ மூர்க்கமாகிவிட்டது. 2020இல் வந்த, 'காசில்' என்று பெயரிட்ட காட்டுத்தீயில் மட்டும் உலகின் பெரிய செக்கோயாக்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் அழிந்ததாக மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டுத் தீயின்போது ஷெர்மனின் அடிமரத்துக்கு அலுமினியத் தாள் சுற்றினார்கள்.

வேலியைத் தாண்டாதீர்கள். இந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் நூறடி, அதற்கு மேலும் பரவும். மிதித்து மண் இறுகினால் தண்ணீர் இறங்காது. காயை எடுத்துப் பையில் போடுவதும் சட்டப்படி குற்றம்.

நேரம் இருந்தால் மோரோ பாறையில் ஏறலாம், 350க்கும் மேற்பட்ட படிகள். இடி முழக்கம் கேட்டால் ஏறவே ஏறாதீர்கள். இரும்புக் கைப்பிடியோடு மொட்டைப் பாறையில் நிற்கும் உங்கள் மேல்தான் மின்னல் இறங்கும். சின்னப் பிள்ளைகளோடு போனால் அருங்காட்சியகம் எதிரே உள்ள பிக் ட்ரீஸ் டிரெயில் போதும்: புல்வெளியைச் சுற்றி முக்கால் மைல், சமதளம்.

கரடி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். புளிசோறு மட்டுமல்ல, பற்பசையையும் காரில் விடக்கூடாது. வாசனை உள்ள எல்லாவற்றையும் பூங்காவில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழிடுங்கள். பனிக்காலத்தில் டயர் சங்கிலி கட்டாயம் கொண்டு போக வேண்டியிருக்கும். உங்கள் டயர் எண்ணைச் சொல்லிக் கீழேயே வாங்கி, ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பெரிய பனி விழுந்தால் 198க்கும் 180க்கும் இடைப்பட்ட சாலையையே மூடிவிடுவார்கள், அப்போது வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

180 வழியாக வெளியேறினால், வாசல் பக்கம் பிக் ஸ்டம்ப் என்ற இடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். 1891இல் வெட்டிய மார்க் ட்வெயின் மரத்தின் அடிக்கட்டை அங்கே இருக்கிறது. வெட்டிச் சாய்க்க 13 நாட்கள் ஆயின. ஒரு வட்டத்துண்டு நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போனது, அதில் 1,300க்கும் மேற்பட்ட வளையங்கள். மிச்சக் கட்டைமேல் ஏறப் படி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு தாராளமாக நிற்கலாம்.