ஒரே உணவுக்குக் கலோரி கணக்கிடும் ஆப்பில் நாலு விதமான கலோரி காட்டுகிறதே, எதை எடுப்பது?

ஊட்டச்சத்துத் தரவு என்பது 100 கிராம் உணவில் எவ்வளவு கலோரி, புரதம், கொழுப்பு என்று சொல்லும் பட்டியல், அவ்வளவுதான். அது ஆய்வகத்தில் அளந்ததாக இருக்கலாம், பாக்கெட் லேபிளில் இருப்பதாக இருக்கலாம், இல்லை யாரோ ஒரு பயனர் அவசரத்தில் தட்டியதாகவும் இருக்கலாம். எண்கள் முட்டிக்கொள்வது இதனால்தான். இன்னொரு காரணம் (என் அனுபவத்தில் பெரிய காரணமே இதுதான்) சமைத்ததா, சமைக்காததா என்ற குழப்பம்: 100 கிராம் உலர் ஓட்ஸில் ஏறக்குறைய 380 கலோரி, அதையே தண்ணீரில் வேகவைத்து 100 கிராம் எடுத்தால் 70 சொச்சம்தான், மீதி எல்லாம் தண்ணீர்.

சட்டை தைக்க உங்கள் அளவு இருந்தால் அதைக் கொடுப்பீர்கள், இல்லாவிட்டால் பொதுவான சைஸ், ஆனால் வழிப்போக்கர் குத்துமதிப்பாகச் சொன்னதை வைத்துத் துணியை வெட்டவிட மாட்டீர்கள் இல்லையா? இதுவும் அப்படித்தான். பாக்கெட் உணவுக்கு லேபிள். காய், பழம், முட்டைக்கு அமெரிக்க வேளாண் துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரல் போன்ற அரசுத் தரவு. பயனர் பதிவு கடைசியில்.

அப்புறம், கலோரி 143.7 என்று புள்ளி வைத்து வந்தால் துல்லியம் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க விதிப்படி லேபிளே உண்மைக் கலோரியிலிருந்து ஓரளவு விலகலாம், அந்த .7-க்கு ஒரு அர்த்தமும் இல்லை.